கடைசியாக ஓடி வரும் பிள்ளை

(உடற்கல்வி ஆசிரியர்களும் வகுப்பாசிரியர்களும் கலந்துகொண்ட பணியிடைப் பயிற்சி ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் வகுப்பாசிரியர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. ஒரு பிள்ளையை முதன்முதலாகக் கோட்டில் நிறுத்தி, "ஓடு" என்று சொல்பவர் நீங்கள்தான். ஆறாம் வகுப்பில் எங்களிடம் வந்து சேரும்போது அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கும். "எனக்கு விளையாட்டெல்லாம் வராது சார்" என்று பதினொரு வயதில் சொல்லும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். யார் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது? நாம்தான். அதற்கான நம் கருவிகளில் ஒன்று, நாம் நடத்தும் தேர்வு.

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புக்கு 600 மீட்டர் ஓட்டத் தேர்வு வைத்தேன். முதலில் வந்த பிள்ளைகளை முடிவுக் கோட்டிலேயே நிற்கச் சொன்னேன். மற்றவர்கள் வர வர வரிசை நீண்டது. கடைசியில் ஒரு மாணவி மட்டும் மைதானத்தில் பாக்கி. இன்னும் முக்கால் சுற்று இருந்தது. நான் எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். நாற்பது பிள்ளைகள் தட்டினார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி ஓடியும் நடந்தும் வந்து சேர்ந்தாள். அவளை உற்சாகப்படுத்திவிட்டதாக அன்றைக்கு எனக்கு மனநிறைவு.

அடுத்த தேர்வு நாளில் அவள் வரவில்லை. அதற்கடுத்த தேர்வுக்கும் வரவில்லை. மற்ற நாட்களில் ஒழுங்காக வரும் பிள்ளை. வகுப்பாசிரியை கூப்பிட்டு விசாரித்தபோது அவள் சொன்னதை அப்படியே என்னிடம் வந்து சொன்னார்: "ஓடுறது கஷ்டமில்ல டீச்சர். நான் வந்து சேர்ற வரைக்கும் எல்லாரும் நின்னு பாக்குறாங்கல்ல, அதுதான் கஷ்டம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தட்டச் சொன்ன கைதட்டல் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். கணக்குத் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளையை மேசைமேல் ஏற்றி நிறுத்தி, எல்லோரும் பார்க்க மீண்டும் அதே கணக்கைப் போடச் சொல்வோமா? உடற்கல்வியில் அதைத்தான் ஒவ்வொரு தேர்விலும் செய்துகொண்டிருந்தேன்.

நேரத்தை நிலைப்படுத்துங்கள்

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. தூரத்தை நிலையாக வைத்து நேரத்தை அளப்பதற்குப் பதிலாக, நேரத்தை நிலையாக வைத்துத் தூரத்தை அளந்தேன். புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டத் தேர்வும் இந்த முறைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ஆறு நிமிடம் வைத்துக்கொண்டேன்.

சுண்ணாம்புப் பொடியால் 100 மீட்டர் சுற்று ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பை இரண்டு இரண்டு பேராகச் சேர்க்க வேண்டும். ஒருவர் ஓடும்போது மற்றவர் எண்ணுவார். சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. விசில் அடித்ததும் எல்லோரும் கிளம்புவார்கள். ஆறு நிமிடம் கழித்து அடுத்த விசிலில் எல்லோரும் அவரவர் இருக்கும் இடத்தில் நிற்பார்கள். ஓடலாம், நடக்கலாம், மாற்றி மாற்றியும் செய்யலாம். பிறகு இணைகள் இடம் மாறும்.

இதில் கடைசியாக வந்து சேரும் பிள்ளை என்று யாரும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்பது வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரியாது. ஓடியவருக்கும் எண்ணியவருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே தெரியும். நாற்பது பேர் வகுப்பைப் பதினைந்து இருபது நிமிடத்தில் சோதித்துவிடலாம். "எழுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நேரம் எழுதுவதைவிட இது எளிது.

அந்த மாணவி முதல் முறை ஏழு சுற்று. அரையாண்டுக்குப் பிறகு ஒன்பது சுற்று. வகுப்பின் சிறந்த ஓட்டக்காரன் பதினான்கு. அவளுக்கு அவன் கணக்கு தேவைப்படவில்லை. "ஒம்பது சார்" என்று புளியங்கொட்டைகளைக் கையில் கொண்டுவந்து காட்டினாள்.

சில நேரம் 600 மீட்டரையே வைத்தாக வேண்டியிருக்கும். 2019 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கப்பட்ட ஃபிட் இந்தியா இயக்கத்தோடு பள்ளிகளுக்கு வந்த உடற்தகுதி மதிப்பீட்டில் அது இருக்கிறது. ஆனால் அங்கே அதன் பெயரைப் பாருங்கள்: 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை. அந்த 'நடை'யை நாம் படிப்பதில்லை. அப்படிப்பட்ட தேர்வுகளில் மெதுவாக ஓடும் பிள்ளைகளை முதலில் கிளப்பிவிடுங்கள். வேகமானவர்களை ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கழித்து அனுப்புங்கள். ஏறத்தாழ எல்லோரும் ஒன்றாக வந்து சேர்வார்கள். அவரவர் நேரத்தைக் கழித்து எழுதிக்கொள்வது நம் வேலை. எடை பார்ப்பதும் அப்படியே. எடைக் கருவியை வகுப்பு முன்னால் வைத்து எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். அறைக்குள் ஒவ்வொருவராக அழைத்துப் பாருங்கள்.

ஒரே வகுப்பு, ஒரே உடல் அல்ல

தேர்வு எதை அளக்கிறது என்பது அடுத்த கேள்வி.

நம் மாநிலத்தில் ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். ஆகவே ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குள் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி இருக்க முடியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ஒருவன் பந்தைப் பிடிக்கிறான், இன்னொருவன் தவறவிடுகிறான் என்றால், அது திறமையாக இருக்க வேண்டியதில்லை; பிறந்த மாதமாகவும் இருக்கலாம். 1985இல் கனடாவில் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். அங்கே வயதுப் பிரிவுக்கான கணக்கு ஜனவரி 1. சிறு வயதில் சில மாதம் மூத்தவன் தேர்வாகிறான். தேர்வானதால் பயிற்சி பெறுகிறான். பயிற்சி பெற்றதால் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான்.

ஏழு, எட்டாம் வகுப்புகளில் இது இன்னும் கூடுதல். பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். இது சராசரிதான். ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் குழந்தை முகத்தோடு இருப்பான். இருவரையும் ஒரே நீளம் தாண்டுதல் அட்டவணையை வைத்து மதிப்பிட்டால், யார் முன்னால் வளர்ந்தார் என்பதைத்தான் மதிப்பிடுகிறோம். வளர்ந்ததற்கு ஏ, இன்னும் வளராததற்கு சி.

இன்னொன்று. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படிப்பட்ட பெண் இரண்டு சுற்றில் மூச்சு வாங்கி நின்றால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கலாமா? "சாப்பிட்டியா?" "இரும்புச்சத்து மாத்திரை போட்டியா?" "இன்னைக்கு ஓட முடியுமா?" இந்த மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே என் தேர்வுகளைத் தொடங்குகிறேன். மாதவிடாய் நாட்களில் ஓட விரும்பாத மாணவி எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'இன்று வேறு நாள் வேண்டும்' என்று சொன்னால் போதும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே அனைவருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். பையன்களுக்கும் அதே விதி.

முந்தினால்தான் தேர்ச்சியா?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1950களில், அந்நாட்டுப் பிள்ளைகள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட உடற்தகுதியில் பின்தங்கியிருப்பதாக ஓர் ஆய்வு சொன்னதும் பெரும் பதற்றம் ஏற்பட்டது. 1956இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இளையோர் உடற்தகுதிக்காக ஓர் அவையை அமைத்தார். 1966இல் ஜான்சன் காலத்தில் குடியரசுத் தலைவர் விருது வந்தது. அந்த விருதைப் பெற, ஒவ்வொரு தேர்விலும் நூறு பேரில் 85 பேரை எட்டிப் பிடித்திருக்க வேண்டும். அதாவது, எல்லாப் பிள்ளைகளும் முன்னேறினாலும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. 2012-13 கல்வியாண்டோடு அந்த முறையைக் கைவிட்டு, 'உடல்நலத்துக்குப் போதுமான அளவை எட்டியிருக்கிறாயா' என்று மட்டும் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். 2025இல் பழைய தேர்வை மீட்க ஆணை பிறந்திருக்கிறது. விவாதம் அங்கேயும் முடியவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தெரிவு வேறு, மதிப்பீடு வேறு. குறுவட்டப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கும்போது முந்தியவனைத்தான் எடுக்க வேண்டும். அதில் இரக்கத்துக்கு இடமில்லை. ஆனால் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் தரும் தரநிலை, அணித் தெரிவின் நிழலாக இருக்கக் கூடாது.

என் வகுப்பில் நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன். பத்து மதிப்பெண். நான்கு, தொடர்ந்து பங்கேற்பதற்கு. மூன்று, கற்றதற்கு: விதிகள் தெரியுமா, நாடித்துடிப்பை எண்ணத் தெரியுமா, ஓர் ஆட்டத்துக்கு நடுவராக இருக்க முடியுமா? மீதி மூன்று, தன் பழைய அளவிலிருந்து தான் முன்னேறியதற்கு.

இதிலும் ஓட்டை இருக்கிறது; மறைக்க விரும்பவில்லை. முதல் ஆண்டு ஒரு பையன் முதல் தேர்வில் வேண்டுமென்றே நடந்தான். இரண்டாம் தேர்வில் பறந்தான். "முன்னேற்றம் சார்!" என்றான். பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இப்போது தொடக்கத்தில் இரண்டு முறை ஓடவிட்டு நல்லதை எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. ஏற்கெனவே நன்றாக ஓடுபவனுக்கு முன்னேற இடம் குறைவு. பதினான்கு சுற்று ஓடியவன் அதைக் காப்பாற்றிக்கொண்டாலே முழு மதிப்பெண் தருகிறேன். இல்லாவிட்டால் ஒருவருக்கு நியாயம் செய்யப்போய் இன்னொருவருக்கு அநியாயம் செய்துவிடுவோம்.

யார் பந்தைத் தொட்டார்கள்?

தேர்வைவிட அடிக்கடி நடப்பது விளையாட்டு. ஒரு நாள் பாடவேளை முழுவதும் மைதான ஓரத்தில் நின்று, பந்தைத் தொட்டவர்களை மட்டும் எண்ணினேன். 42 பேரில் 13 பேர். அவர்களில் மாணவிகள் இருவர். மீதிப் பேர் வெயிலில் நின்றார்கள் அல்லது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் 42 பேரும் விளையாடியிருந்தார்கள். நீங்களும் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

பந்து ஒன்றாக இருந்தால் பெரியவன்தான் அதை வைத்திருப்பான். ஆகவே மைதானத்தை நான்காகப் பிரித்து நான்கு இடத்தில் நான்கு வேலை: ஓரிடத்தில் எறிபந்து, ஓரிடத்தில் வளையப்பந்து, ஓரிடத்தில் கயிறு தாண்டுதல், ஓரிடத்தில் கிளித்தட்டு. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மைதானத்தின் நடுப்பகுதி பையன்களுடையது என்ற எழுதாத சட்டம் இதிலே உடைகிறது.

அணி பிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு தலைவர்களை நிறுத்தி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடவிடுகிறோம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அந்த இரண்டு பேர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வாரா வாரம் அவர்களேதான். நம் கிராமத்துப் பிள்ளைகள் இதைவிட நல்ல வழி வைத்திருந்தார்கள். உத்தி பிரித்தல். ஒத்த திறமையுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "பூ வேணுமா, காய் வேணுமா?" என்று தலைவரிடம் கேட்பார்கள். தலைவருக்கு யார் பூ, யார் காய் என்று தெரியாது. அணிகள் சமமாக அமையும்; யாரும் மிஞ்ச மாட்டார்கள். இங்கே இருக்கும் பலர் அப்படி ஆடியவர்கள்தானே? அதை மறந்துவிட்டு வந்து வரிசையில் நிறுத்துகிறோம்.

மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்

நம் வகுப்புகளில் மாற்றுத்திறனுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். விளையாட்டு நேரத்தில் அவர்களுக்கு என்ன வேலை தருகிறோம்? செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை. இரக்கத்தில்தான் செய்கிறோம். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, விளையாட்டுக்கான வாய்ப்பை மற்றவர்களுக்குச் சமமாக அவர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. அது சலுகை அல்ல, உரிமை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்த ஒரு சிறுவனை, பள்ளியில் உயரம் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரீசில் வெண்கலமும் வென்றார். எல்லாப் பிள்ளைகளும் மாரியப்பன் ஆக மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த ஆசிரியர் அவரைப் பைகளுக்குக் காவலாக உட்கார வைக்கவில்லை. சிறப்பாசிரியரிடம் கேளுங்கள், அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்: "இந்த விளையாட்டை எப்படி மாத்தினா உன்னால ஆட முடியும்?" பெரும்பாலும் பதில் பிள்ளையிடமே இருக்கும். வலையைச் சற்றுத் தாழ்த்துவது, பந்து ஒருமுறை தரையில் பட்டு எழ அனுமதிப்பது, தூரத்தைக் குறைப்பது போன்ற சிறு மாற்றங்கள்தான்.

கடன் வாங்கிய பாடவேளை

கடைசியாக, மற்றப் பாட ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்குகிறீர்கள். திருப்பிக் கொடுத்த ஆசிரியரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அதிலும், மெல்ல மலரும் மாணவர்களை மட்டும் விளையாட்டு நேரத்தில் சிறப்பு வகுப்புக்கு அழைத்துக்கொள்வது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. ஜன்னல் வழியே மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தபடி அந்தப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிறது. படிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு, 'என்னாலும் முடியும்' என்று தோன்றும் இடம் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது பலமுறை மைதானமாகத்தான் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டால் அவன் எதற்காக நாளைக்குப் பள்ளிக்கு வருவான்?

அதேபோல, வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதையும் நிறுத்த வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காலையில் நீங்கள் தண்டனையாகக் கொடுத்த ஓட்டத்தை மாலையில் நான் மகிழ்ச்சி என்று எப்படிக் கற்பிப்பேன்?

'இப்படியெல்லாம் மென்மையாக நடத்தினால் வீரர்கள் எப்படி உருவாவார்கள்?' என்று சிலர் நினைக்கக்கூடும். பயிற்சி கடுமையாக இருக்கட்டும். போட்டியும் கடுமையாக இருக்கட்டும். அதை விரும்பி வரும் பிள்ளைகளுக்கு நான் அதிகாலையில் மைதானத்தைத் திறந்து வைக்கிறேன். ஆனால் விரும்பி வர வேண்டுமானால் முதலில் வெறுக்காமல் இருக்க வேண்டும். நாம் பயமுறுத்தி விரட்டிய பிள்ளைகளில் எத்தனை பேர் தாமதமாக மலரும் வீரர்கள் என்று யாருக்குத் தெரியும்? வீரர்கள் ஆகாவிட்டாலும் போகட்டும். அவர்கள் நாற்பது வயதிலும் நடக்க, நீந்த, பந்தாட ஆசைப்பட வேண்டும்.

நாளைக்கே செய்யக்கூடிய மூன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாடவேளை, பந்தைத் தொட்ட பிள்ளைகளை எண்ணுங்கள். அடுத்த முறை அணி பிரிக்கும்போது உத்தி பிரியுங்கள். அடுத்த ஓட்டத் தேர்வை நேரக் கணக்கில் வையுங்கள், புளியங்கொட்டைக்குச் செலவில்லை.

அந்த மாணவி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். வீராங்கனை ஆகவில்லை. "லீவுல தம்பிகூட தெனமும் ஓடுறேன் சார். யாரும் எண்ணறதில்ல" என்றாள். என் பணிக்காலத்தில் வாங்கிய கோப்பைகள் தலைமையாசிரியர் அறையில் இருக்கின்றன. இந்த ஒரு வாக்கியத்தை வைக்க அங்கே அலமாரி இல்லை, நானே வைத்திருக்கிறேன்.